ஐந்தரை மணிக்கு முடிகிற நாள்

கீழக்கரையில் மழை பெய்து ஏழு மாதம்.
என் மேகம் மும்பையில் இருக்கிறது,
மாத வாடகைக்கு.
அதில் ஒரு சொட்டும் இல்லை.
யார் எந்தத் தெருவுக்கு எத்தனை லிட்டர் கேட்டார்,
எவ்வளவு கட்டினார்,
அது மட்டும் வரிசை வரிசையாகத் தேங்கிக் கிடக்கிறது.

ஆறு லாரி, ஒரு ஆப், கணக்குக்கு நான்.
ஜமீல் நைனா சொன்ன வேலை ஒரே வாக்கியம்:
பணம் வாங்கித் தருகிற கம்பெனியிலிருந்து
அந்தக் கிடங்குக்கு ஒரு குழாய்.
"குழாய்தானே நாகஜோதி,
நாம போடாத குழாயா?"

போட்டேன்.
ஒரு லோடு ஆயிரத்து நானூறு.
திரை சொன்னது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.
அவர்கள் பைசாவில் எண்ணுகிறவர்கள் என்பது
ராத்திரிதான் எனக்குப் பிடிபட்டது.
நூறால் வகுத்தேன்.
காலையில் அவர் முகமும் அதே கணக்கில்.

அடுத்து நேரம்.
அவர்களுடைய நாள் நம் நள்ளிரவில் முடிவதில்லை.
எங்கோ கிரீன்விச்சில் பன்னிரண்டு அடிக்கும்போது
இங்கே விடிகாலை ஐந்தரை.
சுபுஹு தொழுகை முடிந்து வந்தவர்கள்
மோட்டாரைப் போட்டு,
குழாயில் வெறும் காற்று சீறுவதைக் கேட்டுவிட்டு
போனை எடுக்கிற நேரம்.
பாதித் தெரு நேற்றில் விழுந்தது,
பாதித் தெரு இன்றில்.
ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி
எல்லோரையும் ஒரே தேதிக்குள் இழுத்துக்கொண்டேன்.

அப்புறம் இந்த இரட்டை.
நாம் பதில் சொல்லாவிட்டால்
அவர்கள் சர்வர் திரும்பவும் சொல்லும்,
அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.
கச்சான் காற்றில் கரண்ட் போன இரவு
ஒரே ஆயிரத்து நானூறு
ஒன்பது தடவை வந்து நின்றது.
விதி எழுதினேன்:
அதே கார்டு, அதே தொகை, அதே நிமிடம் என்றால்
ஒன்றை வை, மற்றதை அழி.
மூன்று வரிதான்.
எழுதிய கையோடு நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம்.
ஷார்ஜாவிலிருந்து அபுல் பரக்கத் என்று ஒருவர்.
கோபம் இல்லை குரலில்.
அதற்கு எப்படிப் பதில் சொல்வதென்று தெரியவில்லை.

"ரெண்டு லோடுக்குக் கட்டுனேன் தங்கச்சி.
ஒண்ணு எங்க வீட்டுக்கு, வந்துருச்சு.
இன்னொண்ணு கிழக்குத் தெரு, பச்சை கேட்டு.
ராத்திரி அங்க ஒரு மவுத்து.
பக்கத்து வீடுகள்ல குடங்குடமா வாங்கித்தான்
மய்யித்தைக் குளிப்பாட்டுனாகளாம்.
தப்பா எடுத்துக்காதீக,
கேட்டு வைக்கலாம்னுதான்."

லாரிப் பட்டியல் அந்தக் கிடங்கிலிருந்துதான்
காலையில் அச்சாகும்.
தேடினேன்.
வடிகட்டுவதற்கு முந்தைய அட்டவணையில்
அந்த வரி அப்படியே இருந்தது.
ரசீது எண் வேறு. கதவு எண் வேறு.
என் மூன்று வரி
அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

வழிவிட்டானை அனுப்பினேன்.
நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தான்.
அந்த வீட்டம்மா தொட்டி மூடியைத் தூக்கிக் காட்டி,
"ஊத்துங்க, மூணு நாளைக்கு ஆளு வருமில்ல"
என்றாராம்.
வேறொன்றும் சொல்லவில்லையாம்.
வேறு ஏதாவது சொன்னாரா என்று
நான்தான் அவனை இரண்டு தடவை கேட்டேன்.

ஜமீல் நைனா அந்தப் பணத்தைத் திருப்பச் சொன்னார்.
திருப்பியது பழைய வரியை அழிக்காது.
கீழே இன்னொரு வரி வரும்,
கழித்தல் குறியோடு.
இரண்டும் இருக்கும்.

விதியை எடுத்துவிட்டேன்.
இப்போது ரசீது எண் ஒன்றே கணக்கு.
நேற்று ஐந்து முப்பத்தொன்றுக்கு
ஏர்வாடியிலிருந்து இரண்டு:
அதே கார்டு, அதே தொகை, அதே கதவு.
ரசீது மட்டும் வேறு வேறு.
கை டெலிட்டுக்குப் போனது.
போனை எடுத்துக் கேட்டேன்.

"அய்யோ, நெட்டு சுத்திக்கிட்டே நின்னுச்சும்மா,
ரெண்டு தடவை அமுக்கிட்டேன்.
ஒண்ணைத் திருப்பிப் போட்ருங்க.
லாரி எத்தனை மணிக்கு வரும்?"